துப்பாக்கியும் புல்லட்டும், பெயர் பொறிக்காத கைகளும்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



"பழைய புல்லட்டெல்லாம் சேர்க்கிறியாமே, அதைப் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். சேர்க்கிறவன் என்று சொல்லிக் கொள்ளும் அளவுக்கு என்னிடம் எதுவும் இல்லை. இரண்டு வண்டி, ஒரு பெட்ரோல் டேங்க், ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவுதான் என் சொத்து. இதில் நான் பேச நினைப்பது அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி. ஆனால் அதற்கு வண்டி வழியாகத்தான் வந்தாக வேண்டும். வண்டிக்கோ துப்பாக்கி வழியாக வர வேண்டும். பயப்படாதீர்கள், குண்டு எதுவும் வெடிக்காது.

அமெரிக்காவில் ஹாரி போப் என்று ஒருவர் இருந்தார். 1861-ல் பிறந்து 1950-ல் மறைந்தவர். குறி பார்த்துச் சுடும் போட்டிகளுக்கான துப்பாக்கிக் குழல்களைத் தன் கையாலேயே குடைந்து கொடுத்தவர். வேலை முடிந்ததும் குழலின் மேல் தன் பெயரைப் பொறித்து விடுவார். அதனால் இன்றைக்கு ஒரு பழைய துப்பாக்கி கைக்கு வந்தால், சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான். பெயர் கிடைத்தால் எந்த ஊர், எந்தக் காலம் என்று நூல் பிடித்துக் கொண்டே போகலாம். செய்தவன் யார் என்று பொருளே சொல்லி விடும்.

நம் ஊரில் துப்பாக்கி சேர்ப்பது நடக்கிற காரியம் இல்லை. உரிமம், போலீஸ் ஸ்டேஷன் என்று அலைய என்னால் ஆகாது. ஆனால் துப்பாக்கியின் தூரத்துச் சொந்தம் ஒன்று நம் வடசென்னையிலேயே இருக்கிறது. அதுதான் புல்லட்.

இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்பது தையல் ஊசி செய்வதற்குப் பேர் போன ஊர். அங்கே டவுன்சென்ட் என்ற ஊசிக் கம்பெனி சைக்கிள் பக்கம் திரும்பியது. 1890-களில் அதை ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் எடுத்து நடத்தினார்கள். என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுணுக்கமான பாகங்கள் செய்து தரும் ஆர்டர் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கே 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் வைத்தார்கள். பீரங்கியைச் சின்னமாக்கி, 'துப்பாக்கி போல் செய்யப்பட்டது' என்று விளம்பரமும் செய்தார்கள். 1901-ல் மோட்டார் சைக்கிள் வந்தது. 1932-ல் 'புல்லட்' என்ற பெயர் வந்தது. ஊசியில் தொடங்கிய கதை குண்டில் வந்து நின்றது.

அது நம் ஊருக்கு வந்தது ராணுவத்தின் தயவால். 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவத்துக்காக மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் புல்லட்டுகள் தருவிக்கப்பட்டன. 1955-ல் ரெட்டிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டினார்கள். 1956-ல் வேலை ஆரம்பம். முதல் ஆண்டில் வெளியே வந்தவை 163 வண்டிகள். கப்பலில் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை இங்கே பூட்டியதுதான் முதல் கட்டம். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்து, பாகங்களையே இங்கே செய்ய ஆரம்பித்தார்கள்.

இதற்குப் பிறகுதான் வேடிக்கை. ரெட்டிட்ச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் அந்த இங்கிலாந்துக் கம்பெனியே இல்லாமல் போனது. திருவொற்றியூர் மட்டும் நிற்கவில்லை. 1977-ல் இங்கே செய்த புல்லட், பிறந்த வீடான இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. தாய் போன பிறகும் பிள்ளை பேர் சொல்லியது என்றால் மிகையாகாது. 1994-ல் ஐஷர் கம்பெனியோடு சேர்ந்தது, 2013-ல் ஒரகடம், 2017-ல் வல்லம் வடகால் என்று புதிய தொழிற்சாலைகள் வந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இது கொஞ்சம் வெட்கக் கதை.

2014-ல் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு வீட்டு மாடிப்படியின் கீழ் 1972-ம் வருஷத்துப் புல்லட் ஒன்று கிடந்தது. ஆர்.சி. புத்தகம் இருந்தது, எஞ்சின் நம்பர் பொருந்தியது, வாங்கி விட்டேன். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி., வலது காலில் கியர், இடது காலில் பிரேக். எஞ்சினியர் என்ற திமிர் வேறு. அக்கு அக்காகக் கழற்றினேன். கவர்களுக்குப் பஃபிங், மட்கார்டுக்குப் புது பெயிண்ட். ஆயில் கசிகிறது என்று செயின் கேஸ் விளிம்பை மில்லிங்கில் கொடுத்துச் சமன் செய்தேன். டேங்கைச் சுரண்டி, பளபளவென்று கறுப்பு அடித்து, தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் "ஷோரூம் வண்டி மாதிரி இருக்கு" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஓடும்போது மட்டும் எஞ்சினில் ஒரு டக்டக் சத்தம். எவ்வளவோ பார்த்தும் போகவில்லை. யாரோ சொல்லி, திருவொற்றியூரில் ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். எஞ்சின் பூட்டும் பிரிவில் பல வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தேரடிப் பக்கம் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எஞ்சின் ஆறட்டும் என்று அரை மணி நேரம் என்னையும் உட்கார வைத்தார். பிறகு சிலிண்டர் பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றி, புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்தார்.

"கேஜு எல்லாம் உள்ள விடாத தம்பி. ராடு விரல்ல சுத்தணும். ஆனா மேலயும் கீழயும் ஆடக் கூடாது. சுத்தவும் சுத்தணும், ஆடவும் கூடாது. அந்த எடம் விரலுக்குத்தான் தெரியும்."

பத்து நிமிஷம். சத்தம் போய் விட்டது. நான் நான்கு வருஷம் படித்ததும் அதற்குப் பிறகு வேலையில் கற்றதும் அந்த இரண்டு விரலுக்கு முன் சிறுத்துப் போயின.

அதன் பிறகுதான் அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். செயின் கேஸ் விளிம்பைத் தடவினார். டேங்கைத் தடவினார். முகம் மாறியது.

"இந்த விளிம்புல அரம் போட்ட தழும்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு ஐயா. ஏதோ ஒழுங்கில்லாம இருக்குன்னு மில்லிங்ல எடுத்துட்டேன்."

"டேங்குல கோடு?"

"மங்கிப் போயிருந்துச்சு ஐயா. சுரண்டிட்டு ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்."

அவர் திட்டவில்லை. "வண்டி சோக்காத்தான் கீது. ஆனா எங்க ஆளுங்கள எல்லாம் சுரண்டி எடுத்துட்டியே தம்பி" என்றார். மிச்ச டீயைக் குடிக்கப் போய் விட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போப்பின் குழலில் பெயர் இருக்கிறது. நம் புல்லட்டில் கம்பெனி பெயர் இருக்கிறது, எஞ்சின் நம்பர் இருக்கிறது, செய்தவன் பெயர் இல்லை. அவன் விட்டுப் போன அடையாளம் ஓர் அரத் தழும்பும் ஒரு பிரஷ் கோடும் மட்டுமே. அந்தத் தழும்பு பிழையில்லை. ஒரு கவர் சரியாக உட்காராதபோது, ஒரு மனிதன் நின்று, பார்த்து, இழைத்து உட்கார வைத்ததன் சாட்சி. அதைத்தான் நான் காசு கொடுத்து அழித்திருந்தேன்.

அந்தக் கோட்டைப் பற்றி இளைய நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும். புல்லட் டேங்கில் ஓடும் தங்க நிறக் கோடு கையால் போடுவது. டேப் ஒட்டுவதில்லை, அளவுகோல் வைப்பதில்லை. நீண்ட மயிர் கொண்ட பிரஷைப் பெயிண்டில் தோய்த்து, வளைவோடு வளைவாக இழுக்க வேண்டும். இடது பக்கத்துக் கோட்டுக்கு வலது பக்கத்துக் கோடு கண்ணாடியில் பார்த்தது போல இருக்க வேண்டும். நடுவில் தும்மினால் டேங்க் போச்சு!

2017-ல் புதுப்பேட்டையில் ஒரு கடை வாசலில், எடைக்குப் போட்ட குவியலில் பச்சை நிறப் புல்லட் டேங்க் ஒன்றைப் பார்த்தேன். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மறு பக்கத்தில் கோடு அப்படியே இருந்தது. கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கினேன். இந்த முறை ஈரத் துணி கூடப் படவில்லை. நேரே பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் காலடிப்பேட்டையில் ஒரு சந்தைச் சொல்லி, "அங்க போ, கோடு போட்ட ஆளு ஒருத்தர் இருக்காரு" என்றார்.

அவருக்குக் கண் பார்வை குறைந்திருந்தது. டேங்கை மடியில் வைத்து, கோட்டின் மேல் நகத்தை ஓட்டினார். மூலைக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது என்னுது இல்ல. நான் வளைவுல நிக்க மாட்டேன், ஒரே இழுப்பு. இவன் வளைவுக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் திரும்புவான். பாரு, இங்க கொஞ்சம் தடிமன்."

"என்னுதுதான்" என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், கையெடுத்துக் கும்பிட்டும் இருப்பேன். ஆனால் பக்கத்தில் நின்று வேலை செய்தவனின் வேலையை அவர் தன் கணக்கில் எழுதிக் கொள்ளவில்லை. அவர் சொன்ன பெயரை வைத்துக் கொண்டு விசாரித்ததில், எர்ணாவூரில் ஒரு வீடு கிடைத்தது. அந்த மனிதர் 2009-லேயே காலமாகி விட்டார். மகள் கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா போட்ட கோட்டை அந்தம்மா அதுவரை பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லையாம். அவர் கடைசி வரை வேலைக்குப் போனது சைக்கிளில். வீட்டில் புல்லட் கிடையாது. "ஒரு ராத்திரி இது இங்க இருக்கட்டுமா சார்? அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க, வந்து பார்க்கட்டும்" என்று கேட்டார். விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது, டேங்க் ஒரு மடித்த வேட்டியின் மேல் இருந்தது. அந்த அம்மா சிரித்துக் கொண்டே, "வீட்டுச் சுவத்துல ஒரு பட்டை அடிச்சுக் குடுங்கன்னா கை வலிக்குதும்பாரு. இங்க பாரு, என்னமா இழுத்திருக்காரு" என்றார். டேங்கை அவர்களிடமே கொடுத்து விடுவதாகச் சொன்னேன். "நீங்களே வெச்சுக்குங்க சார். யார் போட்டதுன்னு மட்டும் எங்கயாவது எழுதி வைங்க" என்றார் மகள்.

அப்படித் தொடங்கியதுதான் என் நோட்டுப் புத்தகம். இன்றைக்கு அதில் 23 பெயர்கள் இருக்கின்றன. எந்தப் பிரிவு, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, கையில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறேன். எந்தப் பெயரையும் இந்த மேடையில் சொல்லவில்லை. வீட்டாரைக் கேட்காமல் அச்சில் ஏற்றக் கூடாது என்பது நான் வைத்துக் கொண்ட விதி. 23-ல் 9 பேர் இப்போது இல்லை. டீக்கடைப் பெரியவரும் அந்த 9 பேரில் ஒருவர்.

நண்பர்களே, இது புல்லட்டோடு நிற்கிற விஷயம் இல்லை. ராயபுரத்தில் 1856-ல் ரயில் ஓட ஆரம்பித்தது. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, அது அசோக் லேலண்ட் ஆனது. விம்கோ தீப்பெட்டி, வார்ப்படப் பட்டறைகள், துறைமுகம் என்று இந்தக் கடலோரம் முழுக்க வேலை செய்த கைகள்தான். இந்த மண்டபத்தில் இருக்கும் பாதிப் பேருடைய அப்பாவோ மாமாவோ தாத்தாவோ அங்கே ஷிஃப்ட் பார்த்தவர்கள். அவர்கள் செய்த பொருள் எங்கோ இன்னும் ஓடிக் கொண்டிருக்கும். அவர்கள் பெயர் அதில் இருக்காது.

அதனால் தம்பி தங்கைகளுக்கு மூன்று வேண்டுகோள். பழைய பொருள் எது கைக்கு வந்தாலும், கழுவுவதற்கு முன் போட்டோ எடுங்கள். ஒழுங்கில்லாத இடம் தெரிந்தால், சரி செய்வதற்கு முன் அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு பெரியவரிடம் கேளுங்கள். மூன்றாவது, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், வேலை செய்து ஓய்ந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க கையில என்ன வேலை இருந்துச்சு?" என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒரு பக்கம் போதும். தேதி போட மறக்காதீர்கள்.

என் 1972 வண்டி இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது. ஸ்டிக்கரை நான் எடுக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புத்தி வர வேண்டுமே! பச்சை டேங்க் வீட்டுக் கூடத்தில் அலமாரி மேல் இருக்கிறது. அதன் அடியில் ஒரு அட்டையில் அந்த மனிதரின் பெயர், அவர் மகள் கையெழுத்திலேயே எழுதியது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் கட்டாயம் வீட்டுக்கு வாருங்கள். டீ கொடுத்து, கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கவும் விடுகிறேன்.