பிறர் செயலும் நம் தீர்ப்பும்

(நமது சங்கத்தின் ஆண்டு மகாசபையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தனர். நிதியின் வரவு செலவுகளை அறிக்கையிற் காண்பீர்கள். அந்நிதியை வழங்குமிடத்தும் மறுக்குமிடத்தும் நம் உள்ளத்தே நிகழும் ஒரு பிழையைப்பற்றியே யாம் ஈண்டுப் பேசக் கருதினோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் உதவிச் சம்பளம் பெற்றுப் படித்த ஏழை மாணாக்கன் ஒருவன் பரீட்சையில் தவறினான். அவன் கல்லூரிக்கு வாராத நாட்களும் பலவாயிருந்தன. கமிட்டியார் கூடிச் ‘சிரத்தையற்றவன்’ என்று ஒரு சொல் எழுதி உதவியை நிறுத்தினர். அத்தாளில் யாமும் கையொப்பமிட்டோம். அதே ஆண்டில் எம் வீட்டுப் பிள்ளையும் பரீட்சையில் தவறினான். அதற்கு யாம் கண்ட காரணங்களோ பல: வினாத்தாள் கடினம், பரீட்சைக்கு முன் இரண்டு வாரம் மஞ்சட்காமாலை, ஆசிரியர் நடுவிலே மாறிவிட்டார். ‘சிரத்தையற்றவன்’ என்னும் சொல் எம் நாவில் ஒருமுறையேனும் எழவில்லை. ஏழை மாணாக்கனின் தந்தையார் பக்கவாதத்தாற் படுக்கையிற் கிடந்தாரென்பதையும், அவன் இரவெல்லாம் காய்கறி மண்டியில் மூட்டை இறக்கிக் குடும்பத்தைத் தாங்கினானென்பதையும் பின்னரே அறிந்தோம். அறிந்தபொழுது அவன் படிப்பை விட்டு ஓராண்டாகியிருந்தது.

அன்பர்களே! இஃது எம் ஒருவருடைய பிழை மட்டுமன்று. மனித மனத்தின் பொதுவான பிழையென்று உளநூலார் ஆராய்ந்து கூறியிருக்கின்றனர். வியன்னா நகரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஃபிரிட்ஸ் ஹைடர் என்னும் அறிஞர் 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஒருவன் செயலுக்கு நாம் தேடும் காரணம் இருவகைப்படுமென விளக்கினார். ஒன்று அவனுள்ளே இருக்கும் குணம். மற்றொன்று அவனைச் சூழ்ந்த நிலைமை. பிறர் செயலைக் காணுங்கால் குணத்தையே மிகுத்து, நிலைமையைக் குறைத்து மதிப்பிடும் இவ்வழக்கத்துக்கு ‘அடிப்படைப் பிழை’ என்று 1977இல் லீ ராஸ் என்பார் பெயரிட்டார்.

நிலைமையின் வலிமைக்கு ஒரு சான்று கூறுவோம். 1973ஆம் ஆண்டில் டார்லி, பேட்சன் என்னும் இருவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரிற் கிறிஸ்தவ வேதம் பயிலும் மாணாக்கர் 40 பேரைக்கொண்டு நடத்திய சோதனையை வெளியிட்டனர். பிரசங்கம் செய்ய வேறொரு கட்டிடத்துக்குச் செல்லுமாறு அவர்கள் பணிக்கப்பட்டனர். வழியில் ஒருவன் வாயிலருகே சாய்ந்து இருமி முனகிக்கொண்டு கிடந்தான். அவகாசம் உள்ளதெனச் சொல்லி அனுப்பப்பட்டோரில் 100க்கு 63 பேர் அவனுக்கு உதவ முன்வந்தனர். காலம் கடந்துவிட்டதென விரைவுபடுத்தப்பட்டோரிலோ 100க்கு 10 பேரே முன்வந்தனர். மாணாக்கருட் பாதிப்பேர் பேசச் சென்ற பொருளோ, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதையேயாம்! விரைந்து சென்றவரை நாம் கண்டிருப்பின் ‘கல்நெஞ்சர்’ என்றிருப்போம். அவர்களை நடத்தியதோ கடிகாரம்.

இப்பிழை எல்லா நாட்டாரிடத்தும் ஒரே அளவினதன்று. ஜோன் மில்லர் என்னும் அம்மையார் சிகாகோ நகரத்தாரையும் நம் அண்டையிலுள்ள மைசூர் இந்துக்களையும் ஒப்பிட்டு 1984இல் எழுதினார். சிறு பிள்ளைகளிடத்து வேறுபாடு மிகவில்லை. வயது வந்தோரிடத்திலோ, அமெரிக்கர் குணத்தை அதிகமாகவும், மைசூரார் உறவு, கடமை, சூழ்நிலை ஆகியவற்றை அதிகமாகவும் காரணங்காட்டினர்.

இதுகேட்டு நாம் பெருமிதங்கொள்ளுதற்கில்லை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1974இல், டெய்லர், ஜக்கி என்னும் இருவர் தென்னிந்திய இந்துக்களிடத்துச் செய்த ஆராய்ச்சி வெளிவந்தது. தம் மதத்தான் ஒருவன் நன்மை செய்தானெனின் அதை அவன் குணமென்றும், தீமை செய்தானெனின் அதைச் சூழ்நிலையின் பயனென்றும் அவர்கள் கூறினர். முஸ்லிம் ஒருவனிடத்து அத்தாராளத்தைக் காட்டினாரில்லை. ‘நம்மவன்’ ‘அயலான்’ என்னும் சொற்கள் புகுந்த மாத்திரத்தில் துலாக்கோல் சாய்ந்துவிடுகின்றது.

இங்கேதான் குலச் சங்கத்தாராகிய நமக்கு ஒரு கேள்வி எழுகின்றது. நம் மரபினர் கல்வியிற் பின்தங்கியமைக்குக் காரணம் அறிவின்மையன்று, பள்ளியின்மையும் வறுமையுமே என்று நம் முன்னோர் விண்ணப்பங்களில் எழுதினர். அஃது உண்மையே. அவ்வுண்மையை நமக்கெனக் கேட்டுப் பெற்ற நாம், பிற குலத்தாரைப்பற்றித் திண்ணையில் அமர்ந்து ‘அவர்கள் பிறவிக்குணமே அது’ என்று பேசுவது எங்ஙனம் நீதியாகும்? நம் குலத்து ஏழையையே ‘சிரத்தையற்றவன்’ எனத் தள்ளுவது எங்ஙனம் தகும்? நமக்கொரு படியும் பிறர்க்கொரு படியும் வைத்து அளக்கும் வியாபாரியை நாம் கடையேறி ஏசமாட்டோமா?

அங்ஙனமாயின் குற்றமென்பதே இல்லையோவெனின், அன்று. சோம்பலும் வஞ்சனையும் உலகில் உண்டு. ஆராயாது அவற்றை ஒருவன்மேல் ஏற்றுதலே தவறு. ஆராயும் முறையை ஹெரால்ட் கெல்லி என்பார் 1967இல் வகுத்துரைத்தார். அதனை நம் காரியத்துக்கேற்ப மூன்று கேள்விகளாகக் கொள்ளலாம். இந்நிலைமையில் மற்றவர்களும் இவ்வாறே செய்தனரா? இவன் பிற காரியங்களிலும் இவ்வாறே நடக்கின்றானா? முன்னும் எப்பொழுதும் இவ்வாறே நடந்தவனா?

அம்மாணாக்கன் விஷயத்தில் மூன்றாங் கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் போதும். முந்திய இரண்டாண்டுகளிலும் அவன் எல்லாப் பாடங்களிலும் தேறியவனென்பது நம் அலுவலகப் பதிவேட்டிலேயே இருந்தது. குணம் ஓரிரவில் மாறுவதில்லை. ஆகவே வீட்டில் ஏதோ நேர்ந்திருத்தல் வேண்டுமென்று ஊகித்திருப்போம். ஒருவரை அனுப்பி விசாரித்திருப்போம். ஒரு படிப்புப் பிழைத்திருக்கும்.

ஆதலின் இம்மகாசபையார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். இனி எந்த மாணாக்கனுக்கும் உதவியை நிறுத்துமுன், கமிட்டியில் ஒருவர் அவன் இல்லம் சென்று நேரிற் கண்டு, இம்மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதித் தருதல் வேண்டும். குணத்தைக் குறிக்கும் சொல் மட்டும் எழுதிய தாளில் எவரும் கையொப்பமிடலாகாது. தாய்மார்களும் மருமக்களைப்பற்றியோ அண்டை வீட்டாரைப்பற்றியோ தீர்ப்புக் கூறுமுன் இம்மூன்றையும் நினைவிற்கொள்ளின், வீட்டுச் சண்டைகள் பாதி குறையும். ஆடவர்க்கும் இஃது ஒக்கும்.

அயலார் குற்றத்தைக் காண்பதுபோலத் தம் குற்றத்தையும் காணவேண்டுமெனத் திருவள்ளுவர் புறங்கூறாமை அதிகாரத்தின் இறுதியில் அறிவுறுத்தினார். நம் குற்றத்துக்கு நாம் தேடும் காரணங்களை அயலார்க்கும் தேடுவோமாக என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ள விரும்புகின்றோம்.

எம் பிழையைச் சபையறியச் சொன்னது, அது மற்றொரு மாணாக்கனுக்கு நேராதிருத்தற்பொருட்டே.