இருக்கை வாரை இழுத்துப் பாருங்கள்!

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு பெருகி, கோத்தா திங்கி இருமுறை மூழ்கியது. வீட்டைக் கழுவினால் காய்ந்துவிடும், கார் அப்படியா? பளபளக்கும் பழைய காரைப் பார்த்து மயங்குகிறவர், முதலில் இருக்கை வாரைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கட்டும். அங்கே சேற்றுக்கறை இருந்தால், அது வெள்ளம் கண்ட வண்டியாக இருக்கலாம். பழைய காரில் வார் மட்டும் புதிதென்றாலும் சந்தேகம்தான். தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கை ஆணிகளில் துரு உண்டா என்றும் பார்க்கட்டும். நனைந்த வயர் உள்ளுக்குள் பச்சை பூத்து, மாதங்கள் கழித்துத்தான் காலை வாரும். எண்ணெய், வடிகட்டி, ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைத் தானே மாற்றுவது சிக்கனம், பெருமையும்கூட. ஆனால், பிரேக்கையும் காற்றுப்பையையும் பட்டறையில் விடுவதில் வெட்கமில்லை. பின்னிருக்கையில் பிள்ளைகள் அல்லவா உட்காருகிறார்கள்!