கற்றுக்கொண்டே இருந்த பாடகர்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்பதால் நான் சுகாதாரம் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். பிறஷர், சீனி பற்றித் தேநீர் நேரத்தில் கேளுங்கள், சொல்கிறேன். இப்போது ஒரு பாடகரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் பெயர் ஜொனி கிளெக்.

1953இல் இங்கிலாந்தில் பிறந்து, தென்னாபிரிக்காவில் வளர்ந்த வெள்ளையர் அவர். 14 வயதில் ஜொகனஸ்பேர்க் தெருவொன்றில் சார்ளி ம்சிலா என்பவர் கிற்றார் வாசிப்பதைக் கேட்டார். ம்சிலா அடுக்குமாடிகளைத் துப்புரவு செய்த சூலு இனத் தொழிலாளி. கிற்றார் மேலைநாட்டு வாத்தியம்தான். ஆனால் சூலு மக்கள் தந்திகளின் சுருதியை மாற்றி, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மீட்டி, அதைத் தங்களுடையதாக்கியிருந்தார்கள். ‘மஸ்கண்டா’ என்பது அந்த இசை. சிறுவன் ம்சிலாவையே குருவாகக் கொண்டான். தொழிலாளர் விடுதிகளுக்குப் போய் அவர்களின் மொழியையும், காலை உயர்த்தித் தரையில் ஓங்கி மிதிக்கும் ஆட்டத்தையும் கற்றான். நிறவெறிச் சட்டங்களின்படி அது குற்றம். பொலிஸார் பிடித்தார்கள். அவன் விடவில்லை.

பின்னர், தோட்டவேலை செய்துவந்த சிப்போ ம்சூனுவுடன் சேர்ந்து ‘ஜுலுக்கா’ என்ற குழுவை அமைத்தார். சூலு மொழியில் அதற்கு ‘வியர்வை’ என்று பொருள். அவர் ஆங்கிலத்தில் ஒரு கதையைப் பாட, குழுவினர் சூலு மொழியில் மறுமொழி பாடுவார்கள். முதல் இசைத்தட்டு 1979இல் வந்தது. மொழிகளைக் கலந்த பாடல்களை அரச வானொலி ஒதுக்கிவைத்தது.

1987இல் ‘அசிம்பொனங்கா’ வந்தது. அப்போது சிறையிலிருந்த மண்டேலாவின் படத்தைக்கூட வெளியிட முடியாத காலம். ‘அவரை நாங்கள் கண்டதில்லை’ என்பதே அந்தத் தலைப்பின் பொருள். மேலும் மூவரின் பெயர்கள் அப்பாடலில் வருகின்றன. ஸ்டீவ் பிக்கோ மருத்துவ மாணவராக இருந்தவர். விக்டோரியா ம்செங்கே தாதியாக இருந்து சட்டத்தரணியானவர். நீல் அகெட் ஒரு வைத்தியர். பிக்கோ 1977இலும் அகெட் 1982இலும் தடுப்புக்காவலில் இறந்தார்கள். ம்செங்கே 1985இல் கொல்லப்பட்டார். மூவரும் எனது தொழிலோடு தொடர்புபட்டவர்கள் என்பதால் அந்தப் பாடலை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை. 1999இல் ஜேர்மனியில் கிளெக் அதைப் பாடிக்கொண்டிருந்தபோது மண்டேலாவே ஆடியபடி மேடைக்கு வந்தார்.

இனி என் கதை. எனது முதல் நியமனம் சிங்களப் பிரதேசமொன்றில். ஒருநாள் வயதான அம்மா ஒருவர் நெஞ்சைத் தொட்டு ‘தனவா’ என்றார். எனக்கு அது ‘தன்னவா’ என்று கேட்டது. ‘தெரியும்’ என்கிறார் என எண்ணித் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். சிற்றூழியர் ஒருவர் ஓடிவந்தார். “மிஸ், நெஞ்சு எரியுதாம்.” ஈ.சி.ஜி. எடுத்தோம். மாரடைப்பு. அம்மா பிழைத்தார். அன்றிலிருந்து அந்தச் சிற்றூழியரே என் சிங்கள ஆசிரியை.

இங்கே இரண்டாம் மொழிப் பாடத்தில் மேசைக்குக் கீழே கதைப்புத்தகம் வாசித்தவள் நான். எங்கள் தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. கிளெக் அதிகாரம் இருந்த பக்கத்திலிருந்து இறங்கிவந்து கற்றவர். எங்களுக்கோ 1956இன் பின் அந்த மொழி ஒரு கட்டளையாக வந்தது. அவர்களும் தமிழ் கற்கவேண்டும் என்று நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் கட்டிலில் கிடந்த அந்த அம்மா எந்தச் சட்டத்தையும் இயற்றியவரல்லர்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கைப் பேச்சுச் சிங்கள வகுப்புக்கு ஒதுக்குங்கள். பரீட்சைக்காக அல்ல, பேசுவதற்காக. முதல் ஆண்டுச் செலவில் பாதியை நான் தருகிறேன்.

2015இல் கிளெக்குக்குக் கணையப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அது எவ்வளவு கொடியது என்பதை நான் அறிவேன். அப்படியிருந்தும் 2017இல் விடைபெறும் இசைப்பயணம் புறப்பட்டு, மேடையில் ஆடினார். 2019 ஜூலையில், 66ஆவது வயதில் காலமானார். தெருவில் ஒரு துப்புரவுத் தொழிலாளியிடம் 14 வயதில் கற்றதை அவர் கடைசிவரை கைவிடவில்லை.