எத்தியோப்பியத் தம்பியும் நானும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"வெளிநாட்டில் படித்த அனுபவத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். பனி, சாப்பாடு, குளிர் எல்லாம் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். அதனால் ஒரே ஒரு விஷயம் மட்டும் பேசுகிறேன். வேறொரு நாட்டு மாணவனுக்குத் துணையாக இருப்பது எப்படி என்பதுதான் அது.

நான் ஜெர்மனியில் முதுநிலைப் பொறியியல் படித்தேன். அங்கே புதிதாக வரும் வெளிநாட்டு மாணவருக்கு, முன்பே வந்த மாணவர் ஒருவரைத் துணைக்குப் போடுவார்கள். 2017இல் என்னிடம் வந்து சேர்ந்தவன் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவைச் சேர்ந்த ஒரு தம்பி. பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன்.

முதல் சிக்கலே பெயரில்தான். எந்தப் படிவத்தை எடுத்தாலும் "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம். எத்தியோப்பியர்களுக்குப் பொதுவாகக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை எழுதுவார்கள். நமக்கும் இனிஷியல்தானே! அலுவலகத்தில் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தம்பி அசையாமல் உட்கார்ந்திருப்பான். எனக்கும் அதே கதைதான். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் நட்பு ஆரம்பித்தது.

அடுத்தது கடிகாரம். எத்தியோப்பியாவில் பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுகிறார்கள். நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்களுக்கு 1 மணி. ஆண்டுக்கு 13 மாதம். கடைசி மாதத்துக்கு 5 அல்லது 6 நாள்தான். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் நம் தாத்தாக்களும் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்கள்தானே? ஒருவர் பழக்கத்தை விசித்திரம் என்று சொல்லும் முன், நம் வீட்டுப் பரணிலும் அது கிடக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பெரிய சோதனை பிறகு வந்தது. ஒரு பாடத்தில் தம்பி இரண்டு முறை தோற்றுவிட்டான். அங்கே பல படிப்புகளில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே போச்சு. படிப்பு போனால் விசாவும் ஆட்டம் காணும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான்.

நோட்ஸ் கொடுப்பதால் பயனில்லை. கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டி. ஆனால் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். வாத்தியாரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவன். நம்மில் பலரும் அப்படித்தானே? அங்கே திருத்திய விடைத்தாளை மாணவன் பார்க்கலாம். அதற்கென்று ஒரு நாள் குறிப்பார்கள். மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர்கள் தனியாக நேரம் ஒதுக்குவார்கள். இதெல்லாம் பெரிய மனசு பண்ணிச் செய்யும் சலுகை என்று தம்பி நினைத்திருந்தான். "இது உன் உரிமை" என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை முதல் நாள் இரவே எழுதி வைத்தோம். கதவு வரைக்கும் கூடப் போனேன். "நீயும் உள்ளே வாயேன்" என்றான். "இல்லப்பா, நீயே பேசு" என்றேன். அரை மணி கழித்து வெளியே வந்தான். விடைகள் பெரும்பாலும் சரி. வழிமுறையை எழுதாமல் விட்டதில்தான் மதிப்பெண் போயிருந்தது.

அடுத்த ஆறு வாரமும் வாரத்தில் இரண்டு மாலை பழைய வினாத்தாள்களோடு உட்கார்ந்தோம். அவன் உரக்க விளக்குவான்; நான் ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்பேன். மூன்றாவது முறை 3.7 வாங்கினான். அங்கே 1.0தான் முதல்தரம், 4.0 வரை தேர்ச்சி. கரையை ஒட்டிய தேர்ச்சிதான், ஆனாலும் தேர்ச்சி! அன்றிரவு அவன் அறையில் காபி. அவர்கள் முறைப்படி கொட்டையை அப்போதே வறுத்து, இடித்து, மூன்று சுற்று ஊற்றுவார்கள். பாதியில் எழுந்தால் மரியாதை இல்லை. மூன்றையும் குடித்துவிட்டு விடிய விடியத் தூங்காமல் கிடந்தேன்.

தம்பி, தங்கையரே! எழுதப்படாத விதிகளை எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். அவர்கள் வீட்டில் எப்படி என்று கேளுங்கள். இதற்கு ஜெர்மனி போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலேயே ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து படிக்கிறார்கள். அரியர் பணம் கட்டக் கடைசித் தேதி எது, யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்? நாளைக்கு மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடும் ஒருவர் பக்கத்தில் உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். மற்றதெல்லாம் தானாக நடக்கும்.