முனைவர் பட்ட மாணவரும் மணிக்கணக்கு விரிவுரையும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர் பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகப் பாடம் நடத்தலாமா, கூடாதா? இதுதான் இன்றைய கேள்வி. மேம்பாட்டு ஆய்வுத் துறையை எடுத்துக்கொண்டு இதைப் பேச விரும்புகிறேன். ஏழ்மை ஏன் நீடிக்கிறது, ஒரு நாடு எப்படி முன்னேறுகிறது, அந்த முன்னேற்றத்தில் யார் பின்தங்கிப் போகிறார்கள் என்று ஆராய்கிற துறை அது.

இந்தத் துறை மாணவருக்குத் தனிச் சிரமம் ஒன்று உண்டு. நூலகத்தில் உட்கார்ந்து மட்டும் இவர் ஆய்வை முடிக்க முடியாது. சபாவின் உட்புறக் கிராமத்திலோ, வங்காளதேசத்தின் ஆடைத் தொழிற்சாலைப் பகுதியிலோ மாதக்கணக்கில் தங்கி, மக்களோடு மக்களாக இருந்து தகவல் திரட்ட வேண்டும். சிலர் ஓராண்டு கூட இருக்க வேண்டியிருக்கும். திரும்பி வந்து எழுத உட்காரும் நேரத்தில் உதவித்தொகை முடியும் நிலையில் இருக்கும். "பிள்ளை இன்னுமா படிக்கிறான்?" என்று சொந்தக்காரர்களும் கேட்கத் தொடங்கியிருப்பார்கள். அப்போதுதான் துறையிலிருந்து அழைப்பு வருகிறது: "இந்தப் பருவத்துக்கு டியூட்டோரியல் வகுப்புகள் எடுக்கிறீர்களா?"

எடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் கணக்குப் பார்த்து எடுக்க வேண்டும்.

பாடம் நடத்தியே வளர்ந்தவர்கள்

செயிண்ட் லூசியா தீவில் 1915-இல் பிறந்த ஆர்தர் லூயிஸ், மேம்பாட்டுப் பொருளியலின் முன்னோடிகளில் ஒருவர். லண்டன் பொருளியல் கல்லூரியில் ஆய்வு மாணவராக இருந்தபோதே, 1938-இல் அங்கு துணை விரிவுரையாளராக நியமிக்கப்பட்டார். கறுப்பினத்தவர் ஒருவருக்கு அந்தக் கல்லூரி விரிவுரையாளர் பதவி தந்தது அதுவே முதல் முறை. முனைவர் பட்டம் 1940-இல்தான் கிடைத்தது. 1979-இல் நோபல் பரிசு பெற்றார். அமர்த்தியா சென்னும் அப்படியே. 1956-இல் கல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பொருளியல் துறைக்குத் தலைமை ஏற்றபோது அவருக்கு 23 வயதுகூட நிரம்பவில்லை. கேம்பிரிட்ஜின் முனைவர் பட்டம் அதற்குப் பிறகு, 1959-இல் வந்தது.

ஆகவே, பாடம் நடத்தினால் ஆய்வு கெட்டுவிடும் என்பது சரியல்ல. 20 மாணவர்கள் முன் நின்று ஒரு கருத்தை விளக்கும்போதுதான் அது நமக்கே எவ்வளவு புரிந்திருக்கிறது என்பது தெரியும். களத்திலிருந்து அப்போதுதான் திரும்பியவர் சொல்லும் உதாரணம், பாடப்புத்தகத்தில் இல்லாத உதாரணமாக இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லூயிசுக்கு முதலில் கிடைத்தது ஓராண்டு நியமனம். அடுத்த ஆண்டே அது நான்காண்டு ஒப்பந்தமாயிற்று. இன்றைய ஆய்வு மாணவர் பலருக்குக் கிடைப்பது மணிக்கணக்கு வேலை. பருவம் முடிந்தால் வேலையும் முடிந்தது.

80 ரிங்கிட் எங்கே போகிறது?

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு மணி நேர வகுப்புக்கு 80 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 3 மணி நேரம், 14 வாரம். மொத்தம் 42 மணி நேரம், 3,360 ரிங்கிட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

வாரம் 6 மணி நேரம் படித்துக் குறிப்பெடுத்தால் அது 84 மணி நேரம். 60 மாணவர்கள் ஆளுக்கு 2 கட்டுரை எழுதி, ஒன்றைத் திருத்த 20 நிமிடம் என்றால் 40 மணி நேரம். சந்தேகம் கேட்க வருபவர்களுக்கு வாரம் 1 மணி என்றால் 14 மணி நேரம். எல்லாம் கூட்டினால் 180 மணி நேரம். இப்போது வகுத்துப் பாருங்கள். மணிக்கு 18 ரிங்கிட் 67 சென்தான் வருகிறது. 80 ரிங்கிட் என்று சொல்லிக்கொண்ட வேலையின் உண்மையான கூலி இது.

சட்டத்துக்கும் இந்தக் கணக்கு முக்கியம். நம் நாட்டில் 2010-இல் வந்த பகுதி நேர ஊழியர் விதிமுறை, முழு நேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டைத் தாண்டாமல் வேலை செய்பவரையே பகுதி நேர ஊழியராகக் கொள்கிறது. தனியார் கல்லூரிகளில் பாடம் நடத்துவோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழு நேரம் 40 மணி என்றால், 30 விழுக்காடு 12 மணி. வகுப்பறையில் நிற்கும் 3 மணி நேரத்தை மட்டும் எழுதினால் நம் மாணவர் அந்தக் கோட்டைத் தொடவே மாட்டார். 14 வாரத்தின் 180 மணி நேரத்தையும் எழுதினால், வாரத்துக்கு ஏறக்குறைய 13 மணி, கோட்டைத் தாண்டிவிடுவார். விடுமுறையும் நோய் விடுப்பும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கின்றன.

இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. பிரிட்டனில் 2019, 2020 விரிவுரையாளர் வேலைநிறுத்தங்களில் நிரந்தரமற்ற வேலை ஒரு முக்கியக் குறையாக முன்வைக்கப்பட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2022 இறுதியில் ஏறக்குறைய 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களில் பாடம் நடத்தும் ஆய்வு மாணவர்களும் இருந்தனர்.

தோட்டத்துக் கூலியின் பாடம்

ஆர்தர் லூயிஸ் சொன்ன ஒரு கருத்து நம் சமூகத்துக்கு நேரடியாகப் பொருந்தும். வெப்பமண்டலத் தோட்டங்களில் கூலி ஏறாமல் இருந்ததற்குக் காரணம் என்ன? இந்தியாவிலும் சீனாவிலும் விவசாயத்தில் கிடைத்த வருமானம் மிகக் குறைவு. அதைவிடச் சற்றே கூடுதலாகக் கொடுத்தால் கப்பல் ஏற ஆட்கள் இருந்தார்கள். தொழிலாளி எவ்வளவு திறமையாக உழைத்தாலும் கூலியை நிர்ணயித்தது அந்தக் கூட்டம்தான் என்றார் அவர். ரப்பர்க் காட்டில் பால் வெட்டிய நம் பாட்டன் பாட்டிகளின் கதை இது.

பல்கலைக்கழகத்திலும் அதே விதி வேலை செய்கிறது. பட்டம் பெற்றவர்கள் வரிசையில் நிற்கும் வரை மணிக்கணக்குக் கூலி ஏறாது. அந்தக் கூலியில் தாக்குப்பிடிப்பவர் யார்? கைகொடுக்க வசதியான குடும்பம் உள்ளவர். தோட்டப்புறத்திலிருந்து வந்து, தம்பி தங்கை படிப்புக்கும் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளை பாதியில் விலகிவிடும். நாளை ஏழ்மையைப் பற்றிய பாடத்தை, ஏழ்மையை அறிந்த யாரும் நடத்தாத நிலை வரும். நம் கவலை இதுவாக இருக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

மாணவர்களே, வகுப்பு எடுக்க ஒப்புக்கொள்ளுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். தயாரிப்புக்கும் திருத்துவதற்கும் சம்பளம் உண்டா? ஊழியர் சேமநிதி பிடிக்கப்படுமா? என் ஆய்வுக்கு நெருக்கமான பாடமா? பாடம் நடத்தியதற்குச் சான்றிதழ் தருவீர்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனுக்குப் போகிறவர்கள், மாணவர் விசாவில் பருவகாலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பதை மறக்க வேண்டாம். முடிந்தால் கள ஆய்வுக்கு முந்திய ஆண்டில் ஒரு வகுப்பு எடுங்கள். கடைசி ஆறு மாதத்தில் எதையும் ஏற்காதீர்கள். அந்தக் காலம் ஆய்வேட்டுக்கு உரியது.

பெற்றோர்களே, பகுதி நேர விரிவுரையைக் கேவலமாக நினைக்காதீர்கள். அதை நிரந்தர வேலையென்றும் நம்பிவிடாதீர்கள். பட்டத்தை முடிக்க அது ஒரு படிக்கட்டு மட்டுமே.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நியாயமான கூலியைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தச் சொல்கிறீர்கள். அந்தப் பாடத்தை நடத்துபவருக்கும் அதைக் கொடுங்கள்.