மின்சாரத்துக்கு வழிவிடும் பீங்கான்

மின்கம்பத்தின் உச்சியிலே வெள்ளைப் பீங்கானை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். மின்சாரத்தைத் தடுப்பதே அதன் வேலை. ஆனால் மின்சாரத்துக்கு வழிவிடும் பீங்கானும் உண்டு!

சிர்க்கோனியா என்பது ஓர் உலோக ஆக்ஸைடு. அதில் சிறிது இட்ரியா கலந்து பழுக்கக் காய்ச்சினால் மின்சாரம் பாயும் என்று 1899-ல் ஜெர்மன் விஞ்ஞானி நெர்ன்ஸ்ட் எடுத்துக்காட்டினார். காரணம் என்ன? இட்ரியம் புகுந்தால் பிராணவாயு அணுக்களின் வரிசையில் காலி இடங்கள் விழுகின்றன. பக்கத்து அணு அங்கே தாவுகிறது; அது விட்ட இடத்துக்கு இன்னொன்று வருகிறது. மின்னேற்றத்தைச் சுமந்தபடியே அவை நகர்கின்றன.

1937-ல் ஸ்விட்சர்லாந்தில் பௌரும் பிரைஸும் இதைக்கொண்டு எரிபொருள் மின்கலம் செய்தனர். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் எரிவாயு. பிராணவாயு பீங்கானைக் கடந்து எரிவாயுவோடு சேர்கிறது. விடுபட்ட எலெக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடுகின்றன. பாய்லர் இல்லை, டர்பைன் இல்லை!

லாந்தனம், ஸ்ட்ரான்ஷியம், கோபால்ட், இரும்பு சேர்ந்த வேறொரு பீங்கானுக்குக் கம்பியும் வேண்டாம். சூடாக்கி ஒரு பக்கம் காற்றை அழுத்தினால் மறுபக்கம் பிராணவாயு மட்டும் வரும்.

நிலக்கரி மின்நிலையத்தில் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. இந்த மின்கலத்தில் பாதிக்கு மேலும் கிடைக்கும்.

அப்படியானால் ஊரெங்கும் ஏன் வரவில்லை? 600 முதல் 1000 டிகிரிச் சூட்டில்தான் இது உழைக்கும். சூடேறியும் ஆறியும் பீங்கான் விரிசல் விடும், வாயு கசியும். அந்த விரிசலை வெல்ல, ஆராய்ச்சிக்கூடத்துப் படிப்போடு சூளையடியில் நின்று சூட்டின் பதம் கண்ட உழைப்பாளியின் அறிவும் சேர வேண்டும், தோழர்களே!