ஆங்கில இலக்கியப் பாடம் எதைக் கற்பிக்க வேண்டும்?



தமிழ் மேடையில் ஆங்கில இலக்கியத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். குமணன்சாவடியிலும் பூவிருந்தவல்லியிலும் பள்ளிக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையும் ஆங்கிலம் கற்கிறது. அப்பாடத்தில் கதைகளும் கவிதைகளும் இருக்கின்றன. அவை பிள்ளையின் நெஞ்சில் தங்குகின்றனவா, விடைத்தாளோடு போய்விடுகின்றனவா என்பது தமிழன்பர்களும் கேட்க வேண்டிய கேள்வியே.

1835 பிப்ரவரி 2இல் மெக்காலே எழுதிய குறிப்பில் ஆங்கிலக் கல்வியின் நோக்கம் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டது. ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நின்று பொருள் சொல்லும் ஒரு வகுப்பை உருவாக்குவதே அது. அந்த ஆட்சி 1947இல் முடிந்தது. பாடம் மட்டும் தொடர்கிறது. பழைய நோக்கம் போன பிறகு புதிய நோக்கம் எது என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், தேர்வு மதிப்பெண்ணே நோக்கமாகிவிடும். இன்று பெரும்பாலும் நடப்பது அதுதான். செய்யுளை மனப்பாடம் செய்வது, உவமை உருவகங்களைக் குறித்துக் காட்டுவது, துணைநூலில் உள்ள பத்தியை அப்படியே எழுதுவது என்று பாடம் சுருங்கிவிடுகிறது. வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் இல்லாத பிள்ளைக்கு இதனால் பெருந்தீங்கு நேர்கிறது. விடையை எழுதிய பின்னும், கதை தனக்குரியதன்று என்ற எண்ணமே அதன் மனத்தில் எஞ்சுகிறது.

தமிழ்நாட்டில் 2018-19ஆம் கல்வியாண்டு முதல் படிப்படியாகப் புதிய பாடநூல்கள் வந்தன. அவற்றில் பத்தாம் வகுப்பு ஆங்கில நூலில் இடம்பெற்ற கதை 'கடைசிப் பாடம்'. பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே 1873இல் வெளிவந்த தம் தொகுதியில் சேர்த்த கதை இது. 1870-71 போரில் பிரான்சு தோற்றது. அல்சாஸ் நிலப்பகுதி செருமனியின் வசமாயிற்று. இனிப் பள்ளிகளில் செருமன் மட்டுமே கற்பிக்கப்பட வேண்டும் என்று பெர்லினிலிருந்து ஆணை வருகிறது. நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர் ஆமெல் தம் இறுதி பிரெஞ்சு வகுப்பை நடத்துகிறார். ஊர்ப் பெரியவர்களும் பின்வரிசையில் வந்து அமர்கின்றனர்.

இக்கதையைக் கொண்டே கற்றல் நோக்கங்களை வகுத்துக் காட்டலாம்.

முதல் நோக்கம், உணர்ந்து படித்தல். கதையில் பிள்ளைகள் மட்டும் குற்றவாளிகள் அல்லர். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் பிள்ளைகளை அனுப்பியதையும், மீன்பிடிக்கச் செல்ல வேண்டி விடுமுறை விட்டதையும் சொல்லி ஆசிரியர் தம்மையே நொந்துகொள்கிறார். கூலிக்காகப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய பெற்றோருக்கும் பழியில் பங்குண்டு என்கிறார். மொழி பிறர் பறிப்பதால் மட்டுமன்றி, உடையவர் புறக்கணிப்பதாலும் கைவிட்டுப் போகிறது. இந்த நுட்பத்தை மாணவன் தன் சொற்களில், பிழையோடாயினும், சொல்லிவிட்டால் முதல் நோக்கம் நிறைவேறியதாகும்.

இரண்டாம் நோக்கம், கேள்வி கேட்டல். அல்சாஸ் மக்களில் பெரும்பாலோர் அந்நாளில் வீட்டில் பேசியது பிரெஞ்சு அன்று. செருமன் இனத்தைச் சேர்ந்த வட்டாரப் பேச்சுமொழி. அப்படியாயின் கதை தாய்மொழி என்று எதைச் சொல்கிறது? ஆசிரியன் எதைக் காட்டினான், எதை விட்டுவிட்டான்? அச்சில் வந்ததெல்லாம் முழு உண்மை என்று நம்பாத மனமே இலக்கியக் கல்வி தரும் பெருஞ்செல்வம். இதனால் கதையின் மதிப்புக் குறைவதில்லை. வாசிப்பின் ஆழம் கூடுகிறது.

மூன்றாம் நோக்கம், ஒப்பிடுதல். அதே பத்தாம் வகுப்பு நூலில், மனிதரில் அயலார் எவருமில்லை என்னும் ஜேம்ஸ் கிர்க்கப்பின் கவிதை உண்டு. அதைக் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலோடு அருகருகே வைத்துப் படிக்காத வகுப்பு, கைக்கெட்டிய கனியைத் தவறவிட்ட வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு நூலிலோ கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையே ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. மூலத்தையும் பெயர்ப்பையும் ஒருங்கே படித்தால், கரிசல் மண்ணின் பேச்சில் எது ஆங்கிலத்துக்குக் கடந்து சென்றது, எது வாசலிலேயே நின்றுவிட்டது என்பது புலனாகும். மாமா, சித்தப்பா, பெரியப்பா என்னும் மூன்று உறவையும் 'அங்கிள்' என்ற ஒரே சொல் விழுங்கிவிடும்போது, மாணவன் இரு மொழிகளின் இயல்பையும் ஒருசேரக் கற்கிறான்.

நான்காம் நோக்கம், தன்னுடையதைச் சொல்லுதல். கொள்வது மட்டும் கல்வியன்று, கொடுப்பதும் கல்வியே. ஜி.யு. போப் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தார். ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கில வாசகர் கையில் சேர்த்தார். அப்பெருஞ்செயலின் சிறு தொடக்கம் பள்ளியறையில் நிகழக்கூடாதா?

இவ்வூர்ப் பெயரைக் கேட்டதும் நினைவில் எழுபவன் குமணன். தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் வாழ்ந்தவன். அவன் தலைக்கு விலை வைக்கப்பட்டிருந்தது. வறுமையோடு வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க ஏதுமின்றி, தன் தலையைக் கொய்து சென்று பொருள்பெறுமாறு வாளை நீட்டினான். புறநானூற்றின் 165ஆம் பாடல் அந்த வாளைப் பெற்ற புலவரின் வாக்கு. குமணன்சாவடிப் பள்ளி மாணவி ஒருத்தி இந்நிகழ்ச்சியைப் பத்து எளிய ஆங்கில வாக்கியங்களில் எழுதி, வகுப்பின் முன் நின்று நடுங்காமல் படித்தால், அவளுக்கு ஆங்கிலம் அச்சம் தரும் அயல்மொழியாக இராது. தன் வீட்டுச் செல்வத்தை உலகுக்குக் காட்டும் சாளரமாகிவிடும்.

பாடப்பகுதி மிகுதி, காலம் குறைவு, வகுப்பில் பிள்ளைகள் கூட்டம் என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மை. ஆகவே பெரும் மாற்றம் எதுவும் இங்கே வேண்டப்படவில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை தேர்வுக்கல்லாத வாசிப்புக்கு ஒதுக்கப்படட்டும். பருவத்துக்கு ஒரு முறையேனும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து ஒரே வகுப்பை நடத்தட்டும். வினாத்தாளில் ஒரு வினாவேனும் துணைநூலில் விடை காண முடியாததாக அமையட்டும். இலக்கிய வட்டங்கள் தம் மேடையில் ஆண்டுக்கு ஒரு நாள் மாணவர் மொழிபெயர்ப்புக்கு இடம் தரட்டும்.

ஆமெல் தம் தவற்றை உணர்ந்தது கடைசி வகுப்பில். இங்கே வகுப்புகள் இன்னும் இருக்கின்றன, மணி அடிக்கவில்லை. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.